திரையில் சரிந்த கோடு

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி இருபத்தைந்து வருடம் இருக்கும். ஆரம்பத்தில் என்னிடம் இருந்தவை இரண்டு கனத்த பெட்டிகள். ஒன்று கேட்க, இன்னொன்று பேச. பிறகு இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்தன. கடைசியாக வாங்கிய செட் பாதி கம்ப்யூட்டர். வானலையில் யார் பேசினாலும் அதன் திரையில் மேலிருந்து கீழே நேரான வெளிச்சக் கோடாக விழும். இரைச்சலை அழிக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் உலகமே வாயை மூடிக்கொண்டது போலிருக்கும்.

தினமும் காலை ஏழு மணிக்கு என்னோடு பேசுகிறவர் ஏரல் பக்கத்து வாழைக்காய் வியாபாரி. ஆறு வருடப் பழக்கம், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவர் செட் அவரே பாகங்களை வாங்கிப் பூட்டிச் செய்தது. சூடேறினால் அலைவரிசை மெல்ல நகர்ந்துவிடும்.

"அண்ணாச்சி, உங்க செட்டு நழுவுது."

"நழுவட்டும் டீச்சர். நீங்க பைய பின்னாலயே வாங்க" என்பார்.

அந்த மார்கழியில் ஒரு ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை விடவே இல்லை. திங்கள் காலை கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. ஆற்றுப் பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். கார் பேட்டரியைக் கழற்றி வந்து செட்டைப் போட்டேன். செட்டில் மழையின் இரைச்சல் காதைக் கிழித்தது. பொத்தானை அழுத்தினேன். அமைதி. ஏழு மணிக்கு அவர் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை.

ஒன்பதரைக்குத் திரையில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நேராக இறங்காமல் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போனது. அப்படி நழுவுகிற செட் இந்தப் பக்கத்தில் ஒன்றுதான். ஆனால் சத்தமே கேட்கவில்லை. அந்தப் பொத்தான் அவர் குரலையும் இரைச்சல் என்று நினைத்து அழித்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு நேரமாக அழித்ததோ தெரியாது. பொத்தானை மறுபடி அழுத்தி அணைத்தேன்.

"...டீச்சர், கேக்குதா? மாடிப்படி பதினாறு. பத்து முங்கிட்டு."

"கேக்குது அண்ணாச்சி. எத்தன பேரு இருக்கீங்க?"

"நானும் வீட்டுக்காரியும். பக்கத்து வீட்டு அம்மாவயும் தூக்கியாந்துட்டோம். நடக்க மாட்டாவ. மொட்டைமாடில தார்ப்பாய்க்குள்ள கெடக்கோம்."

ஆறு வருடம் பேசியும் அவர் தெருப்பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆட்சியர் அலுவலகத்தில் கைச்செட்டோடு உட்கார்ந்திருந்த ரேடியோ நண்பருக்கு அதைச் சொன்னேன். "படகு கேட்டிருக்கு. ரோடு அறுத்துக்கிட்டுப் போயிட்டாம். எப்ப போய்ச் சேரும்னு சொல்லத் தெரியல" என்றார்.

பேட்டரியை மிச்சம் பிடிக்க, மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் மட்டும் வருவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கு, "பன்னெண்டு படி." பன்னிரண்டுக்கு, "பதிமூணு." ஒரு மணிக்குப் படிக்கணக்குச் சொல்லவில்லை. "படகு வருதா டீச்சர்?" வருகிறது என்றேன். எனக்கு அது தெரியாது.

இரண்டு மணிக்குத் திரை வெறுமையாக இருந்தது. மூன்றுக்கும் அப்படியே. குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

நான்கு மணிக்குக் கோடு விழுந்தது.

"தண்ணி பதினாலுல நிக்கி" என்றார். பிறகு, "அந்த அம்மா போய்ச் சேந்துட்டாவ. குளிர் தாங்கல. கையப் புடிச்சுக்கோய்யான்னாவ. புடிச்சுட்டுத்தான் இருந்தேன். பேட்டரி நனையுதேன்னு எந்திச்சுப் போனேன். ரெண்டு நிமிஷம் இருக்காது."

பேசும் பொத்தானை அழுத்தியபடி வெறுமனே இருந்தேன். அவருக்கு அந்த மௌனம்தான் போயிருக்கும்.

மறுநாள் மத்தியானம் படகு போனது. அவரையும் மனைவியையும் இறக்கினார்கள். அந்த அம்மாவையும் கொண்டுவந்தார்கள். செட் எங்கோ சேற்றில் போய்விட்டது.

இரண்டு மாதம் அவர் வானலைக்கு வரவில்லை. பிறகு என்னுடையதைப் போலவே ஒரு செட் வாங்கினார். இப்போது அவர் குரல் அடுத்த அறையிலிருந்து பேசுவது போல் கேட்கிறது. மூச்சு இழுப்பதுகூடத் தெரியும். ஆனால் முன்போல வாழைத்தார் விலை பேசுவதில்லை, சிரிப்பதில்லை. காலை ஏழு மணிக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்கிறார்:

"பாவநாசம் அணைல இன்னைக்கு எத்தன அடி டீச்சர்?"

எங்கள் இரண்டு ஊர்ப்பக்கமும் ஓடும் ஆற்றின் அணை அது; பேப்பரைப் பார்த்து நீர்மட்டத்தைச் சொல்கிறேன். நான் சொல்லி முடித்துப் பேசும் பொத்தானை விட்டதும், அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை அவர் விடுவது கேட்கிறது.