இரவல் மூக்கு

போன வாரம் கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்த மருமகன் ஒரு சிவப்பு ஒயின் போத்தலைக் கொண்டுவந்தார். கிளாசைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினார். "இத இன்னும் பத்து வருஷம் படுக்க வெச்சுப் பழசாக்குனா ருசி எங்கயோ ஏறிப் போயிரும் அத்தை. மோந்து பாருங்க" என்றார். எனக்குச் சளி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். ஒன்பது வயதில் மோந்தது இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். அப்பாவுக்குத் துரைமார் கிளப்பில் ஒயின் ஊற்றும் வேலை. விருந்துக்குத் திறக்கும் போத்தலை முதலில் மோந்து பார்த்து, நல்லதா கெட்டதா, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்ல வேண்டும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவர் மூக்கு செத்துப்போனது. கிளப்பில் தெரிந்தால் அந்த வேலை போய்விடும். நாக்கு மட்டும் பிழைத்திருந்தது. துவர்ப்பு நாக்கைப் பிடித்தால் இன்னும் வைக்கலாம் என்பார். மற்றதெல்லாம் என் தலையில்.

மத்தியானம் போத்தலைத் திறந்ததும், கழுவிய மருந்துக் குப்பியில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு சைக்கிளில் வந்துவிடுவார். குளித்துக்கொண்டிருந்தாலும் விடமாட்டார்.

"என்னம்மாடி தெரியுது?"

"நாவல்பழம்."

"அப்புறம்?"

"பென்சில் சீவுன தூளு."

"அப்புறம்?"

"உங்க பழைய செருப்பு."

அதற்கு அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. நான் செருப்பு என்பதை அங்கே போய் இங்கிலீசில் தோல் என்பாராம், துரைமார் தலையாட்டுவார்களாம். "ஈரச்சாக்கு வாடை அடிச்சா மட்டும் ஒடனே சொல்லிரு. அது கெட்ட போத்தல்."

அம்மா உள்ளிருந்து கத்துவார்: "பொம்பளப் பிள்ளைக்கு இதச் சொல்லிக் குடுக்குற ஒரே அப்பன் நீங்கதான் லா!"

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் வாய் திறந்து பேசவே எனக்குக் கூச்சம். ஒருநாள் அவர்களே பாண்டி ஆடக் கூப்பிட்டார்கள். கடைசிக் கட்டத்தில் ஒற்றைக்காலில் நிற்கிறேன், சைக்கிள் மணி அடிக்கிறது.

"பெரிய துரை இருபது வருஷமாப் படுக்க வெச்சிருந்த போத்தலும்மா. சீக்கிரம் லா!"

"ஏய், அவங்கப்பா அவளுக்குத் தண்ணி ஊத்திக் குடுக்குறாருடி!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. குப்பியை வாங்கி மூக்கருகே வைத்து மூச்சை அடக்கிக்கொண்டேன். நாவல்பழம், பென்சில், செருப்பு என்று ஒப்பித்தேன்.

"சாக்கு வாடை?"

"இல்லப்பா. போங்கப்பா!"

அவர் ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டார். "துவர்ப்பு இருக்கு. இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்று சைக்கிளை மிதித்தார்.

மறுநாள் சீக்கிரமே வந்துவிட்டார். விருந்தாளி கிளாசை மோந்ததும் முகத்தைச் சுளித்துத் தள்ளி வைத்தாராம். போத்தல் முழுக்க ஈரச்சாக்கு வாடையாம். இனி அப்பாவுக்குப் பின்கட்டில் தட்டுக் கழுவும் வேலை.

அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏய், நீ ஒழுங்கா மோந்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அவ சரியாத்தான் சொன்னா. நாந்தான் விருந்துக்கு வேற போத்தலத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. நாள் தவறாமல் என் உயிரை வாங்கிவிட்டு, சரியான போத்தலைத் தூக்கிக்கொண்டு போகக்கூடவா இந்த மனிதருக்குத் துப்பில்லை?

"இனிமே ஒன் மூக்குக்கு லீவும்மாடி" என்றார் அப்பா. விட்டது தொல்லை என்று பாண்டி ஆட ஓடினேன். அந்த விருந்துக்கு அவர்கள் திறந்ததே ஒரு போத்தல்தான் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை.