நான்தான் எடுத்தேன்

இக்குறிப்பில், என்னையன்றி இன்னும் ஒருவராவது உறுதிசெய்த செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். அடக்கம் கருதி அன்று. செய்யாத குற்றங்களை ஒப்புக்கொள்வதில் எனக்கு இளமையிலேயே நல்ல பயிற்சி வாய்த்தது. அப்பயிற்சி பெற்ற ஒருத்தியின் நினைவை அவளே நம்பலாகாது. வீட்டுச் செய்திகளைச் சிற்றப்பாவின் மகள் படித்துப் பார்த்தாள். குற்றாலச் செய்திகளை, உடனிருந்த கணக்காசிரியை படித்து மூன்று இடங்களில் திருத்தினார். அவ்விருவரும் அறியாதவற்றை நீக்கிவிட்டேன். நீக்கியவற்றுள் எனக்குப் பெருமை சேர்ப்பவை சில இருந்தன, வருத்தந்தான்.

என் பெற்றோர் இருவரும் ஒரே வாரத்தில் வாந்திபேதிக்கு இரையாயினர். எவர் முன், எவர் பின் என்பதை இருவிதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆகவே எழுதவில்லை. ஆறு வயதில் என்னைத் தென்காசியில் சிற்றப்பா வீட்டில் சேர்த்தார்கள். வேறெவரும் என்னை ஏற்க முன்வரவில்லை என்பதே இன்னும் பொருத்தமான சொல்.

ஓராண்டு கழித்து, சித்தியின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணாமற் போயிற்று. வடகரையிலிருந்து ஒரு மந்திரக்காரரை வரவழைத்தார்கள். அவர் பச்சரிசியை மந்திரித்து, வீட்டிலிருந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு பிடி கொடுத்தார். மென்று வாழையிலையில் உமிழவேண்டும். திருடியவர் வாயில் எச்சில் ஊறாது, அரிசி உலர்ந்த மாவாகவே விழும். மந்திரத்தின் நுட்பம் எனக்குத் தெரியாது; அஞ்சினால் வாய் உலரும் என்பது தெரியும். அவ்வீட்டில் அச்சம் என்ற பொருளை வைத்திருந்தவள் நான் ஒருத்தியே. மற்றவர்களுடைய அரிசி பாயசப் பதத்தில் விழுந்தது. என்னுடையது தூளாகப் பறந்தது.

"ஏட்டி, எங்க வச்சிருக்கே? சொல்லு!" என்றார் சித்தி.

"தெரியாது சித்தி."

"அரிசியே சொல்லுது, இவ தெரியாதுங்கா!"

அகப்பைக் காம்பால் அடியும், அன்றிரவு பட்டினியும் கிடைத்தன. நான்கு திங்கள் கழித்து உப்புப் பானைக்குள்ளிருந்து சிமிழ் வெளிப்பட்டது. உள்ளே வைத்தது தாமே என்பது அப்போது சித்திக்கு நினைவு வந்தது. சித்தி சிறிதும் கலங்கவில்லை.

"சிமிழு கெடச்சா என்ன? அரிசி பொய் சொல்லுமா? வேற எதையாவது எடுத்திருப்பா. நமக்குத்தான் இன்னும் தெரியல."

பிற்காலத்தில் நான் பயின்ற உரையாசிரியர் எவரிடத்தும் இத்துணை அசைக்கவொண்ணா வாதத்தைக் கண்டதில்லை.

அதன்பின் வடகரைக்காரருக்கு எங்கள் வீட்டில் வேலையில்லாமற் போயிற்று. எது காணாமற் போனாலும் நானே முன்வந்து ஒப்புக்கொண்டேன். மறுத்தால் அடியும் பட்டினியும். ஒப்புக்கொண்டால் அடி மட்டும். சிற்றப்பா தின்ற பலாச்சுளைகளை நான் தின்றதாக ஒப்புக்கொண்டேன். தம் விரலில் ஒட்டியிருந்த பலாப்பிசினை எண்ணெய் தொட்டுத் துடைத்தவாறே அவர் நீதி வழங்கினார். அடுத்த வீட்டம்மாளின் சேவலைப் பிடித்ததாக ஒப்புக்கொண்டு நின்றபோது, அச்சேவலே வேலி தாண்டி வந்து என்னருகில் நின்று கூவிற்று. "ஏலே, நீயாவது உண்மையச் சொன்னியே!" என்று அந்த அம்மாள் அதை அள்ளிக்கொண்டு போனார்.

பின்னர்ப் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தென்காசியிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையானேன். வாடகைக்கு ஓர் அறை எடுத்தேன். பள்ளிச் சம்பளமன்றி எனக்கு வேறு பிடிப்பில்லை. பழைய அச்சம் சிற்றப்பா வீட்டோடு நின்றுவிடும் என எண்ணியிருந்தேன்; அதுவும் என்னோடு படித்துத் தேறியிருந்தது.

போர்க்காலத்தில் ஒரு சாரல் பருவம். எந்த ஆண்டு என்பதில் எனக்கும் கணக்காசிரியைக்கும் உடன்பாடில்லை. தலைமையாசிரியையும் நாங்கள் நால்வரும் ஒரு வண்டி பிடித்துக் குற்றாலம் சென்றோம். பேரருவியில் பெண்கள் பகுதியில் நீராடிக்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியை காதைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என் தோட்டைக் காணோமே! யாராவது பாத்தீங்களா?"

அவ்வளவே கேட்டார். என் தலைமேல் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்குள் நா வறண்டு அண்ணத்தில் ஒட்டிற்று. "நான்தான் எடுத்தேன், அம்மா" என்றேன்.

அருவியின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இறைவன் இரங்கி அளித்த அவ்வாய்ப்பையும் உதறிவிட்டு, இன்னும் உரக்கச் சொன்னேன்.

திரும்பும் வழியில் வண்டிக்குள், இரண்டு ஆசிரியைகள் தங்கள் மூட்டைகளை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டனர். கணக்காசிரியைக்கு மட்டும் விடை பொருந்தவில்லை.

"தோடு போனப்ப வழுக்குதுன்னு என் கையப் பிடிச்சிட்டுல்லா நின்னீங்க டீச்சர்? எந்தக் கையால எடுத்தீங்க?"

"இடக்கையால."

"இடக்கையில சீயக்காக் கிண்ணம் இருந்துதே!"

"கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்."

"கீழ வச்சா வெள்ளம் கொண்டுபோயிருக்காதா? இந்தா, கிண்ணம் இங்கன இருக்கு!"

என் குற்றத்தை அவரிடமிருந்து காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமன்று. தலைமையாசிரியை திரும்பிப் பாராமலே சொன்னார்: "எடுத்தது நெசம்னா, நாளைக்குக் காலையில ராஜினாமாவ எழுதிட்டு வந்து என்னப் பாருங்க."

அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எழுதினால் சோறு போயிற்று. எழுதாவிட்டால், வண்டி நிறையப் பேர் கேட்கப் பொய் சொன்னவளாவேன். திருடிக்காவது ஊரில் ஓரிடம் உண்டு; ஏன் எடுத்தாள் என்பது எல்லாருக்கும் விளங்கும். எடுக்காமலே எடுத்தேன் என்று கூவுகிறவளைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? குற்றவுணர்ச்சிக்குக் குற்றம் தேவையில்லை, யாரேனும் கேள்வி கேட்டாலே போதும் என்று அப்போதுதான் அறிந்தேன். வெட்கமோ, கேள்விகூட இல்லாமலே தானாக வந்து அமர்ந்துகொண்டது.

காலையில் வெறுங்கையோடு போனேன். கணக்காசிரியை அழையாமலே வந்து கதவருகில் நின்றிருந்தார்.

"எடுத்தீங்களா, எடுக்கலையா?" என்றார் தலைமையாசிரியை.

"எடுக்கவில்லை, அம்மா." இருபது ஆண்டுகளாக நான் எவரிடமும் சொல்லாத சொல். குரல் யாருடையதோ போல் ஒலித்தது.

"அப்ப நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்கள் கேட்டீர்கள்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். வடகரைக்காரரின் அரிசியைப் பற்றிச் சொன்னேன். "எதையும் எடுக்காம சும்மா நின்னா வாய் காயுமா டீச்சர்?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"உங்க முன்னால நின்னா எனக்கே காயுதே!" என்றார் கணக்காசிரியை.

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. மேசைமேலிருந்த தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிச்சிட்டு வகுப்புக்குப் போங்க. மணி அடிச்சாச்சு."

வேலை நிலைத்தது. அப்பேச்சை அவர் மீண்டும் எடுக்கவேயில்லை. அடுத்த சாரலுக்கும் குற்றாலம் அழைத்தார். அதற்கடுத்த சாரலுக்கும் அழைத்தார். ஒவ்வொரு முறையும் புதுத்தோடுகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, காதுத் துளைகளில் ஈர்க்குச் செருகிக்கொண்டு வண்டியேறினார். அருவிக்கு அஞ்சியா, எனக்கு அஞ்சியா என்று நான் கேட்கவில்லை. கணக்காசிரியையும் அறியார். தலைமையாசிரியை இப்போது உயிரோடு இல்லை. அன்று காலை, எடுக்கவில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை.