ஆடி வெள்ளியில் ஒரு ரெக்கார்டிங்

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, ஆகவே கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும். என் சித்தப்பாவும் அவருடைய சிநேகிதர்கள் மூவரும் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

நார்த்தாமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கும்போது அவர்கள் ஒரு பேண்ட் ஆரம்பித்திருந்தார்கள். எந்தக் கம்பெனியும் அவர்களைச் சீந்தவில்லை. ஆகவே தாங்களே ஒரு பாட்டை ரெக்கார்டிங் செய்து இணையத்தில் போட்டுவிடுவது என்று முடிவு. தனித்தனியாக வாசித்து ஒட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை சித்தப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். விசாவுக்காக அலைந்தவர் என் அப்பா. பாட்டுப் பாடிப் பிழைக்க முடியாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். லேப்டாப்பும் மைக்கும் அந்தச் சிநேகிதர்களில் ஒருவரான திருச்சிக்காரருடையவை. அவர் சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். அன்றைக்கு விட்டால் பிறகு கிடையாது.

மண்டபத்தில் பேசினால் எதிரொலித்தது. அதனால் எங்கள் வீட்டு ஜமக்காளம், போர்வை, அம்மாவின் பழைய புடவைகள் எல்லாம் சுவரில் ஏறின. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கும் வேலை தரப்பட்டது. எங்கள் வீட்டில் அதைவிடச் சிரமமான வேலையை யாரும் பார்த்ததில்லை.

சித்தப்பா கிதாரை மீட்டி முதல் வரியைப் பாடினார். உடனே வெளியே மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் அம்மன் பாட்டை அலறத் தொடங்கியது. அன்று ஆடி வெள்ளி. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் அது ஒரு சத்தம் என்றே எங்கள் ஊர்க்காரர்கள் மூவருக்கும் தோன்றியிருக்கவில்லை. இது எப்போது நிற்கும் என்று திருச்சிக்காரர் கேட்டபிறகுதான் விழித்தார்கள். இருட்டிய பிறகுதான் நிற்கும்.

ஜன்னலை அடைத்துப் பார்த்தார்கள். மைக்கைப் போர்வையால் மூடிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சித்தப்பா கிதாரைக் கீழே வைத்தார்.

"விடுங்கடா. எனக்குக் குடுத்து வைக்கல."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கோயிலில் கூழ் ஊற்றும் நேரம் என்பது நினைவுக்கு வந்ததால் நழுவினேன். அங்கே என் அப்பாதான் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததா என்று கேட்டார். ஸ்பீக்கர் சத்தத்தில் முடியாமல் சித்தப்பா கிதாரைக் கீழே வைத்துவிட்டார் என்றேன். அப்பா கரண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு நேரே மைக்செட்காரரிடம் போனார். நானும் கூழோடு பின்னால் போனேன்.

நிறுத்தினால் பெரியவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று மைக்செட்காரர் தயங்கினார்.

"செட்டு சூடாயிருச்சு, செத்த ஆறணும்னு சொல்லு தம்பி. எந்தம்பி செவ்வாக்கெழம கெளம்புறான். ஒரு பாட்டையாவது முழுசாப் பாடிட்டுப் போகட்டும்."

பொய் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று என்னை மிரட்டுகிற அப்பா அம்மன் சந்நிதியிலேயே இப்படிச் சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஸ்பீக்கர் நின்றது. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் செட்டு சூடான கதையை அப்பாவே சொல்லிச் சமாளித்தார். தூரத்தில் மண்டபத்திலிருந்து சித்தப்பாவின் குரல் லேசாகக் கேட்டது. அது முடியும்வரை அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா ஓடிவந்தார். ஆத்தாதான் தனக்காக வாயை மூடிக்கொண்டாள் என்று சொல்லிச் சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். பிறகு தம்பியைத் தூக்கி நிறுத்தி நெற்றியில் திருநீறு பூசினார்.

"சரி, போய்ப் பொட்டியக் கட்டு," என்றார்.

எவ்வளவு கல்நெஞ்சம் இந்த மனிதருக்கு என்று அன்று நினைத்தேன். தம்பிக்காக அம்மனையே நிறுத்தச் சொன்னவருக்கு, "போகாதடா" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.