ஒன்பதாவது படம்

தங்கைக்கு அவர் இரண்டு லட்சம் கடன்பட்டிருந்தார். அவள் தன் வீட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம். இன்று மாலைக்குள் மீட்காவிட்டால் வீடு போய்விடும்.

பேருந்து நிலையத்தில் திரைக்காரர் என்றால் அவர்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். சினிமாக் கொட்டகையில் ரீல் மாட்டி, டிவி ரிப்பேர் பார்த்து, தன் கையாலேயே மேலே வந்தவர். இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொல்லுவார்.

நிலையத்து விளம்பரத் திரைக்கு அவர் மாட்டியது சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. விளம்பரப் படங்களைச் சுருக்கியே வைத்திருந்தால் மெமரியில் இடம் தாராளமாய் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் விரிக்க பிராசஸர் மூச்சு வாங்கும், நடுவே திரை கறுத்துவிடும். அதனால் அப்போதிருந்த ஆறு படங்களையும் முன்கூட்டியே விரித்து மெமரியில் அடுக்கிவிட்டார். சிட்டாய்ப் பறந்தன. “மின்னல் தோத்துப் போயிடும்” என்று நிலைய மேலாளரிடம் மார்தட்டினார்.

மேலாளர் இன்று காலை மேலும் பதினான்கு படங்களைக் கொடுத்தார். “பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும் நிக்காம ஓடணும். ஓடினா ரெண்டு லட்சம் கையில. நின்னா, பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்புங்க.”

ஒன்பதரைக்குச் சோதித்தார். ஒன்பதாவது படத்தை விரிக்கும்போதே பெட்டி கல்லாய் நின்றுவிட்டது. மெமரி வாய்வரை நிரம்பியிருந்தது.

“என்ன மச்சான், மின்னல் படுத்துக்கிச்சா?” என்றார் பக்கத்தில் நின்ற தங்கை கணவர்.

“சும்மா இருங்க மாப்ளே. கை நடுங்குது.”

“நடுங்க வேண்டியது நானு. வீடு யாரோடது?”

வேறு பெட்டி வாங்கக் காசில்லை. இருபது நிமிடம்தான் மிச்சம். கொட்டகையில் படம் ஓட்ட இரண்டு மெஷின்கள் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த ரீலை மாட்டுவார். ஓடி முடிந்ததைக் கழற்றுவார். படம் முழுவதையும் எவனாவது ஒரே நேரத்தில் மாட்டினானா? கட்டளைகளை மாற்றினார்: ஓடுவது ஒன்று, விரித்துத் தயாராய் அடுத்தது ஒன்று, முடிந்ததை உடனே அழி. ஒன்று ஓடி முடிவதற்குள் அடுத்ததை மெதுவாய் விரிக்கப் பிராசஸருக்கு நேரம் கிடைக்கும்.

பத்து மணி. எட்டாவது படம் ஓட, ஒன்பதாவது விரியத் தொடங்கியபோது கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“கண்ணத் தொறங்க மச்சான். பத்தாவது ஓடுது.”

அப்படியும் பதினொன்று அடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

மதியம் மேலாளர் கொடுத்த பணத்தோடு தங்கை வீட்டு வாசலில் நின்றார்.

“எண்ணாமயே குடுண்ணா.”

“எண்ணாம அடுக்கித்தான் காலையில உசிரு போகப் பாத்துச்சு” என்றார். அவளுடைய விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு தாளாய் எண்ணி வைத்தார்.