ஏழாவது வரிசைத் தூண்

என் சித்தப்பாவுக்குச் சினிமா பிடிக்காது. ஆனாலும் முப்பத்தெட்டு ஊர்களில் திரையரங்கு நடத்தும் நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். அவருக்குச் சோறு போடுவது படமல்ல, ஒரு தூண்.

அந்த நிறுவனத்தின் முதல் திரையரங்கு ஒரு பழைய கிடங்கு. அதை மூன்று அரங்குகளாகத் தடுத்தபோது மூன்றாம் அரங்கின் நடுவில் ஒரு தூண் மாட்டிக்கொண்டது. எடுத்தால் கூரை இறங்கிவிடும். அதனால் தூண் நின்றது. அதற்குப் பின்னால், ஏழாவது வரிசையில், இரண்டு இருக்கைகளும் நின்றன. அங்கே உட்கார்ந்தால் கதாநாயகன் தெரிவான், கதாநாயகி தெரியமாட்டாள். வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த சித்தப்பா, அந்த இரண்டு பேரைச் சமாதானப்படுத்துவதில் கெட்டிக்காரர். "நியாயம்தாங்க, உங்க இடத்துல நான் இருந்தாலும் கத்துவேன்" என்று தொடங்குவார். பேசி முடிக்கையில் கத்த வந்தவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கூட்டம் வந்தது. முதலாளி கிளைகள் திறந்தார். முதல் தியேட்டரிலிருந்து ஓர் அங்குலம் மாறக் கூடாது என்பது உத்தரவு. கட்டடக்காரர்கள் வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டினார்கள், தூணையும் சேர்த்து. வேலைக்காக நான் ஊர் ஊராகச் சுற்றிய வருடங்களில் நான்கு நகரங்களில் அவர்களுடைய அரங்கில் படம் பார்த்தேன். மொழி மாறியது, காபியின் நிறம் மாறியது. தூண் மட்டும் வழியனுப்ப வந்து போக மறந்த உறவுக்காரர் மாதிரி அங்கேயே நின்றது.

தூண்கள் பெருகப் பெருக சித்தப்பாவும் வளர்ந்தார். 'பார்வையாளர் நல்லுறவு அதிகாரி' என்று பதவி, தனி அறை, சுழல் நாற்காலி. கிளை கிளையாகப் போய், ஊழியர்களுக்குச் சமாதானம் பேசக் கற்றுக்கொடுப்பார். அலுவலகத்தில் அவர் பெயர் தூண் சார். ஐந்தாவது கிளையில் ஒருநாள் களைப்பில் தூண்மேல் சாய்ந்தார். உள்ளே தொம்மென்றது. கூரையைத் தாங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. வெறும் பலகைக் கூடு. பிறகு விரலால் தட்டிப் பார்த்த கிளைகளிலும் அதே தொம். அன்றிலிருந்து அவர் எந்தத் தூணிலும் சாய்வதில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

நான் திரும்பி வந்த மாதம் எங்கள் தெருமுனையில் முப்பத்தெட்டாவது கிளை திறந்தது. முதல் காட்சி ஊழியர் குடும்பங்களுக்கு. சித்திக்கும் எனக்கும் கிடைத்தது ஏழாவது வரிசை.

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா கூட்டிட்டு வந்தீங்க. தூணைக் காட்டவா?" என்றாள் சித்தி.

"நியாயம்தான், உன் இடத்துல நான் இருந்தாலும்..."

"அந்தப் பாட்டையெல்லாம் ஆபீஸ்ல பாடுங்க." எழுந்து போய்த் தூணைத் தட்டினாள். தொம். "என்னங்க இது, காலி டப்பாவா இருக்கு?"

"மெதுவாப் பேசு."

"முதலாளிகிட்ட சொல்லுங்க."

"சொன்னா தூண் போயிடும். தூண் போனா நான் எதுக்கு?"

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

அப்போது முதலாளியே வரிசை வரிசையாகக் கும்பிட்டபடி வந்தார். சித்தி வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"ஐயா, இந்தத் தூண் எதையும் தாங்கலைங்க. முதல் கிளையைத் தவிர எல்லா இடத்துலயும் இப்படித்தான். எடுத்துடலாங்க."

முதலாளி தட்டிப் பார்த்தார். காதை வைத்தும் கேட்டார்.

"முப்பத்தேழு கிளையிலயும் இது இருக்கா?"

"இருக்குங்க."

"எல்லாம் நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்க."

"தூண் இல்லாம ஒரு கிளை ஓடி நான் பார்த்ததே இல்லையேப்பா" என்றார். "நீ தட்டாம பார்த்துக்க." பட்டுத்துணியைத் தொடுவது போலத் தூணைத் தடவிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

விளக்கு அணைந்தது. பல வருடங்களுக்குப் பிறகு சித்தப்பா தூணில் சாய்ந்து நின்றார். அது லேசாக ஆடியது.

"வேலைதான் தப்பிச்சாச்சுல்ல," என்றாள் சித்தி, கழுத்தை ஒருபக்கம் வளைத்தபடி. "இப்ப நீங்களாவது நகருங்க. இருந்த கதாநாயகனையும் மறைச்சிட்டீங்க."