லோரி போகட்டும்

வேலு அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலையில்... நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வடைக்கடை. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.

சாயங்காலம் அந்தக் கடையில் இருக்கும் சத்தம் இருக்கிறதே! ஒரு பக்கம் கிரைண்டர், இன்னொரு பக்கம் டிவி, தலைக்கு மேலே கடகடவென்று ஒரு ஃபேன். போதாததற்கு வாசலை உரசிக்கொண்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்.

என் பிரச்சினை இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அமைதியான இடத்தில் பேசினால் எனக்கு நன்றாகவே கேட்கும். சுற்றிலும் சத்தம் இருந்தால் போச்சு... எதிரில் இருப்பவர் பேசுவது மற்ற சத்தங்களோடு கலந்து, சோறு குழம்பு ரசம் எல்லாம் ஒன்றாகப் பிசைந்த மாதிரி வந்து சேரும்.

டெஸ்ட் எடுத்தேன். ஒரு சின்ன ரூமுக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். எல்லா பீப்பும் கேட்டது. ரிசல்ட் நார்மல்.

கேட்காமல் என்ன செய்யும்? அந்த ரூமுக்குள் யாரும் மாவு அரைக்கவில்லையே.

அதனால் எனக்குக் கிடைத்த பெயர் 'திமிர் பிடித்தவள்'. நான் வேலை பார்க்கும் ரவாங் ஃபாக்டரி கேண்டீனில் கூப்பிட்டால் திரும்ப மாட்டாளாம், கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டாளாம். நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பது, எல்லோரும் தலையாட்டினால் நானும் ஆட்டுவது. வீட்டுக்கு வந்தால் தலை விண்விண்ணென்று வலிக்கும். கடைசியில் நாலு பேர் கூடும் இடம் என்றாலே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

வேலு அண்ணன் கடைக்கு மட்டும் போவேன். வடைக்காக. உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

அவரும் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். நான் ஒரு தடவை "என்ன?" என்றால் இன்னும் சத்தமாகக் கத்துவார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ கேட்டார். "என்னண்ணே?" என்றேன். அவர் தொண்டை கிழியக் கத்தவும், யாரோ கிரைண்டரை நிறுத்தவும் சரியாக இருந்தது...

"மாப்ள வீட்டுக்காரங்களுக்கு ஒன்னைய புடிச்சிருக்கான்னு கேட்டேன்!"

எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை என்று அன்று காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பப் போனபோது அவரே மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "கோவமா புள்ள?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சத்தம் பத்தலன்னு இல்லண்ணே. எல்லாம் ஒண்ணா வந்து விழுது. எது ஒங்க கொரலு, எது மெசினுன்னு பிரிக்க முடியல."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாலா? நான் பாட்டுக்கு மாடு மாரி கத்திக்கிட்டு இருந்தேன்." எழுந்து போய் கிரைண்டரை நிறுத்தினார். டிவியையும்.

டிவியில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். "டேய், பந்து பாக்க வந்தீங்களா, வடை திங்க வந்தீங்களா?" அத்தோடு அடங்கிவிட்டார்கள்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சுவரை ஒட்டின மூலை மேசை எனக்கு. பேசுவதென்றால் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். லோரி வந்தால் பாதிப் பேச்சில் அப்படியே நிறுத்தி, உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். "லோரி போகட்டும்." போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

இதை யாருக்கும் அவர் விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையில் உட்காரும் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. லோரி வந்தால் ஆறு பேரும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் சும்மா சிரித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். "புரிஞ்சி சிரிச்சியா, ஊருக்காக சிரிச்சியா?" ஊருக்காக என்று தெரிந்தால் சொன்னவரையே ஜோக்கை முதலிலிருந்து சொல்ல வைப்பார். பாதி ஜோக்குகள் இரண்டாவது தடவை சிரிப்பே வராது... அது வேறு விஷயம்.

என் வாழ்க்கையில் பேச்சுக்கு நடுவில் நானும் இருந்தேன் என்றால் அது அந்த மேசையில்தான்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் உறுமி மேளம். உள்ளே அழுகை. அண்ணி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார், உதடும் தெரியவில்லை. ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

சாவு வீட்டில் "என்ன?" என்று எப்படிக் கேட்பது? பழைய பழக்கம்... தலையாட்டினேன்.

அண்ணி என் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். வாசல் பக்கம் திரும்பி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்.

மேளம் நின்றது. அடித்தவர்களில் இரண்டு பேர் எங்கள் மேசைக்காரர்கள். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்களும் என்னவோ ஏதோ என்று நிறுத்திவிட்டார்கள்.

அண்ணி என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"நேத்து சாயங்காலமும் டிவிய அடச்சி வச்சிக்கிட்டு ஒன் வழியத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு புள்ள. புள்ளைக்கி ஓவர்டைம் போல, நாளைக்கி வரும்னாரு."

எல்லாம் கேட்டது அண்ணி. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

போய்ட்டு வாங்கண்ணே.