ஹயாத் பாஷா காட்டிய பயம்

ஹயாத் பாஷா ஏட்டைக் காரிமங்கலம் வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. தர்மபுரியில் தகரப் பெட்டி செய்கிற குடும்பம் அவருடையது. உயரத்தைப் பார்த்துத்தான் போலீசில் எடுத்துக்கொண்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நல்ல மனுஷர். வாய்தான் பொல்லாதது.

எழுபத்து நான்கில் சாராயக் கடைகளை மூடினார்கள். குடித்துப் பழகிய வாய் சும்மா இருக்குமா? கதவுக்கும் நாற்காலிக்கும் பூசுகிற பாலீஷை வடிகட்டிக் குடிக்க ஆரம்பித்தார்கள். மீசை முளைக்காத பையன்களும் சேர்ந்துகொண்டதுதான் கொடுமை.

ஏட்டு வாரச் சந்தையில் இளவட்டங்களைக் கூட்டி வைத்துப் புத்தி சொல்வார். குடல் வெந்துபோகும், கண் அவிந்துபோகும் என்பார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் லத்தியைத் தரையில் தட்டி, "எவன் வாயிலயாவது வாசனை வந்துச்சு, முட்டிக்கு முட்டி தட்டி உள்ள தள்ளிருவேன்" என்பார். பையன்கள் கண்ணை மறந்துவிட்டு முட்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். சோறு தின்னாத குழந்தைக்குக்கூட நாங்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் ஊட்டினோம்.

என் தம்பி காளியப்பன் மரக்கடையில் வேலை பார்த்தான். மாரியம்மன் பண்டிகைக்கு மறுநாள் காலையில் வாந்தி எடுத்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். நல்ல வெயில் நேரத்தில், "அக்கா, ஏன் வெளக்கு ஏத்தல?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள், ஒரே ஆண்பிள்ளை ஜெயிலுக்குப் போவான் என்று அம்மா பயந்தாள். மாட்டுக் கொட்டகையில் கேழ்வரகுத் தாளுக்குப் பின்னால் அவனைப் படுக்க வைத்து மோரை ஊற்றினாள். மோர் எல்லாவற்றையும் முறித்துவிடும் என்றாள்.

அதற்குள் ஏட்டு சைக்கிளில் வந்துவிட்டார். பக்கத்து ஊரில் ஒருவன் பாலீஷ் குடித்துச் செத்துவிட்டானாம், சாகும்போது காளியப்பன் பெயரைச் சொன்னானாம். அவன் பொம்மிடிக்குப் போயிருக்கிறான் என்று அம்மா கூசாமல் சொன்னாள். சொன்னால் ஜெயில், சொல்லாவிட்டால் சாவு. அவர் சைக்கிளைத் திருப்பியதும், "பொய்ங்க, கொட்டாயில கெடக்கறான்" என்று கத்திவிட்டேன். அம்மா என் கன்னத்தில் அறைந்தாள்.

ஏட்டு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, வந்த பஸ்ஸை மறித்து, என்னையும் ஏற்றிக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் யார் யார் கூடக் குடித்தார்கள் என்று அவனைக் கேட்டார். கண் தெரியாத என் தம்பி அந்தக் குரலைக் கேட்டதும் கட்டிலோடு ஒடுங்கினான். யாரும் குடிக்கவில்லை, தானும் குடிக்கவில்லை என்று சாதித்தான். ஏட்டு கெஞ்சிப் பார்த்தார். கெஞ்சக் கெஞ்ச அவனுக்கு நடுக்கம்தான் கூடியது. கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "நான் வெளிய போறம்மா, நீ கேளு" என்றார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் போன பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் தம்பி என் காதில் சொன்னான், சென்றாயன் என்று.

சென்றாயன் கீரைக்கார மாதம்மாளின் மகன். ஏட்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கேஸ் போட மாட்டேன், பையனைக் காட்டு என்று கேட்டாராம். மகன் அரூருக்குப் போய்விட்டான் என்று மாதம்மாள் கற்பூரத்தைக் கொளுத்தி, மாரியம்மன் மேல் சத்தியம் செய்து அணைத்தாள். எந்தத் தாயும் பிள்ளை விஷயத்தில் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டாள் என்று அவர் நம்பினார். அவள் சாமியின் பேரில் செய்த சத்தியத்தைத் தாண்டி, வேறு மதத்துக்காரரான தான் உள்ளே நுழைவதா என்றும் தயங்கினார். திரும்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் ஒப்பாரி கேட்டது.

என் தம்பிக்கு ஒரு கண்ணில் பாதிப் பார்வை திரும்பியது. அந்த மட்டும் பிழைத்தான்.

அடுத்த சந்தைக்கு ஏட்டு லத்தி இல்லாமல் வந்தார். குடிக்காதீங்க, குடித்துவிட்டால் ஒளியாதீங்க என்று தொடங்கினார். பையன்கள் ஓரம் ஓரமாக நழுவப் பார்த்தார்கள்.

கீரைக் கூடையை விட்டு மாதம்மாள் எழுந்து வந்து வழியில் நின்றாள்.

"ஏட்டையா வந்து கேக்கறப்ப எம் மவனுக்கு மூச்சு இருந்துச்சு" என்றாள். "நாந்தான் இல்லன்னுட்டேன்."